டெட்ராய்ட்டில் ஃப்ளாரன்ஸைத் தேடி

2024 அக்டோபர் 10, வியாழன்

ஊருக்குள் நுழைந்ததுமே ஆரஞ்சும் கருநீலமும்தான் கண்ணில் பட்டன. தொப்பி, பனியன், குழந்தைகளின் கன்னத்துச் சாயம் எல்லாம் அதே நிறம். சாயங்காலம் டைகர்ஸ் அணிக்கும் கிளீவ்லாண்டுக்கும் பேஸ்பால் ஆட்டம் என்று விடுதி வரவேற்பறையில் சொன்னார்கள். அறை வாடகை போன வாரம் பார்த்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்த காரணமும் புரிந்தது. காசு கூடியதே தவிர குழாயில் வெந்நீர் வரவில்லை. முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் வந்தது பேஸ்பாலுக்காக இல்லை. சுப்ரீம்ஸ் பிறந்த ஊர் இது. கல்லூரி விடுதியில் அறைத்தோழி வைத்திருந்த கேசட்டில்தான் அவர்களை முதலில் கேட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை மனசு சரியில்லாத நாளில் நான் போடும் பாட்டு அவர்களுடையதுதான். டயானா ராஸ், மேரி வில்சன், ஃப்ளாரன்ஸ் பாலார்ட் என்ற மூன்று பெண்கள். 1964-க்கும் 1969-க்கும் நடுவே அமெரிக்கப் பாடல் வரிசையில் 12 முறை முதலிடம் பிடித்த குழு. அந்தப் பத்தாண்டில் பீட்டில்ஸுக்கு அடுத்தபடி அவர்கள்தான். அவர்களை இந்த ஊர் எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், முக்கியமாக ஃப்ளாரன்ஸை.

ராத்திரிச் சாப்பாடு லஃபாயெட் தெருவில். அமெரிக்கன், லஃபாயெட் என்று இரண்டு கோனி கடைகள் ஒரே சுவரை ஒட்டி நிற்கின்றன. டெட்ராய்ட்காரர்களிடம் எது நல்ல கடை என்று கேட்டால் சண்டையே வந்துவிடும் போல. வரிசை குறைவாக இருந்த கடைக்குள் நுழைந்தேன். நீளப் பன்னுக்குள் சாசேஜ், அதன்மேல் தளதளவென்று காரக் கைமா, கடுகு விழுது, பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம். கடித்தால் சாசேஜின் தோல் நறுக்கென்று உடைகிறது. இரண்டு கோனி, ஒரு இஞ்சி சோடா, டிப்ஸ் எல்லாம் சேர்த்துப் பதினைந்து டாலருக்குள் முடிந்தது. அந்த வாடகைக்கு நடுவில் இது பெரிய ஆறுதல்.

உள்ளூர் அணி 5-4 என்று தோற்றுப் போனது. பக்கத்து முக்காலியில் இருந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தபோது மட்டும் நிமிர்ந்து, "சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் இருக்கு" என்றார். என்னைத் தேற்றுகிற குரல் அது.

அக்டோபர் 11, வெள்ளி

உட்வர்ட் சாலையில் ஓடும் கியூலைன் டிராமுக்குக் கட்டணம் கிடையாது. கடைசி நிறுத்தம் கிராண்ட் பூல்வார்ட். அங்கிருந்து மேற்கே ஒரு மைல் நடந்தால், சுப்ரீம்ஸின் பாட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் மியூசியம். வெயில் இருந்தும் காற்று காதை அறுத்தது. நடுவழியில் ஃபிஷர் கட்டடத்துக்குள் ஒதுங்கினேன். 1928-ல் கார் பாகங்கள் செய்து பணக்காரர்களான சகோதரர்கள் கட்டியது. கூரை முழுக்க ஓவியம், தரையில் பளிங்கு. காவலாளி என்னைத் துரத்தவில்லை, "இன்னும் கொஞ்சம் உள்ளே போய் நிமிர்ந்து பாருங்க" என்று கையைக் காட்டினார். காது சூடாகும்வரை பார்த்துவிட்டு நடந்தேன். நெடுஞ்சாலைப் பாலம், பெரிய ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் சாதாரண வீடுகள்.

அந்த வரிசையில் 2648-ம் எண் வீடு. வெள்ளைச் சுவர், நீலச் சட்டம், முகப்பில் சாய்வான எழுத்தில் ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ. உலகத்தையே ஆட வைத்த நிறுவனம் இந்த அளவு வீட்டிலா என்று யாருக்கும் தோன்றும். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி 1959-ல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது. மாடியில் குடித்தனம், கீழே அலுவலகம், பின்பக்கம் முன்பு புகைப்படக்காரர் வைத்திருந்த இடத்தில் ஒலிப்பதிவுக் கூடம். 1985-ல் அவருடைய அக்கா எஸ்தர் கோர்டி எட்வர்ட்ஸ் இதை மியூசியமாக்கினார். நிறுவனத்தார் எல்லோரும் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய பிறகும் அவர்தான் இந்த ஊரைவிட்டு நகராமல் பழைய சாமான்களைக் கட்டிக் காத்தவர். அவர் இல்லையென்றால் இன்று பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

அனுமதிச் சீட்டு இருபது டாலருக்குக் கொஞ்சம் மேலே. உள்ளே படம் எடுக்கக்கூடாது. அதுவும் நல்லதுதான், எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். எங்கள் கூட்டத்தில் அலபாமாவிலிருந்து வந்த ஒரு சர்ச் குழு, ஒரு ஜப்பானியத் தம்பதி, ஒற்றை ஆளாக ஒரு ஆங்கிலேயர். வழிகாட்டி இருபத்தைந்து வயதுப் பெண். பேச்சின் நடுவே சட்டென்று பாடத் தொடங்கிவிடுவார். மாடியில் எதிரொலி அறைக்காகக் கூரையில் வெட்டிய ஓட்டைக்குக் கீழே நின்று எங்களைக் கைதட்டச் சொன்னார். சத்தம் மேலே போய்ச் சுற்றித் திரும்பி வந்தது.

கீழே வந்தால் மிட்டாய் இயந்திரம். கண் தெரியாத சிறுவனாக இங்கே பாட வந்த ஸ்டீவி வொண்டருக்காக அவர் விரும்பிய பேபி ரூத் மிட்டாயை எப்போதும் வலதிலிருந்து நான்காவது இடத்தில்தான் வைப்பார்களாம். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு பையனை நினைத்து யாரோ தினமும் அதைச் செய்திருக்கிறார்கள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் கால் வைத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. இவ்வளவுதானா அந்த இடம்! பியானோ, டிரம்ஸ், மைக்குகள், ஒரு பக்கம் கண்ணாடிக்கு அந்தப்புறம் கட்டுப்பாட்டு அறை. அந்த அறையின் தரையில் ஒரு இடத்தில் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. பாட்டைக் கேட்டபடி வருஷக்கணக்கில் காலால் தாளம் போட்டுத் தேய்த்தது. 'வேர் டிட் அவர் லவ் கோ' பாட்டின் தொடக்கத்தில் தப்தப்பென்று வரும் ஒலி ஒருவர் மரப்பலகைமேல் காலால் மிதித்தது என்று சொல்லி, எங்களையும் மிதிக்கச் சொன்னார் வழிகாட்டி. அலபாமாப் பெரியம்மாக்கள் மிதித்த மிதியில் தரை அதிர்ந்தது. 1964 ஆகஸ்டில் முதலிடத்துக்குப் போன அந்தப் பாட்டை முதலில் வேறொரு பெண்கள் குழுவுக்குக் கொடுத்து, அவர்கள் வேண்டாம் என்றார்களாம். அதுவரை சுப்ரீம்ஸுக்கு இந்த வீட்டில் 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்றுதான் பெயர்.

சுப்ரீம்ஸின் மேடை உடைகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். படத்தில் பார்த்தால் வெறும் மினுமினுப்பு. பக்கத்தில் பார்த்தால் ஒவ்வொரு மணியும் கையால் தைத்தது தெரிகிறது. விளக்கு வெளிச்சத்தில் இவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு, சிரித்த முகம் மாறாமல், ஒரே அசைவில் மூன்று பேர் ஆடியிருக்கிறார்கள். எப்படி நடப்பது, எப்படி உட்காருவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க மேக்ஸின் பவல் என்ற ஆசிரியை இருந்தார்.

வழிகாட்டி நிறையச் சொன்னது டயானா ராஸைப் பற்றி. அதில் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, வந்தவர்கள் கேட்டதும் அவரைத்தான். முடிந்ததும் தனியாகப் போய், "ஃப்ளாரன்ஸைப் பற்றி இன்னும் சொல்லுங்களேன்" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "என் பாட்டிக்கு அவங்கதான் உயிர்" என்றார். குழுவின் ஆரம்பமே ஃப்ளாரன்ஸ்தான். 1959-ல் பெண்கள் குழு ஒன்று சேர்க்க வேண்டும் என்று ஆள் தேடியபோது முதலில் கிடைத்தவர் அவர், மேரியை அழைத்து வந்தவரும் அவர். பிரைமெட்ஸ் என்று இருந்த பெயரை மாற்றச் சொன்னபோது, கொடுத்த பட்டியலிலிருந்து சுப்ரீம்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. மற்ற இருவருக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. குரல் அவ்வளவு கனம் என்பதால் மைக்கிலிருந்து தள்ளி நிற்க வைப்பார்களாம்.

அந்த ஃப்ளாரன்ஸ் 1967-ல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1971-ல் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார், அது நிற்கவில்லை. பிறகு அரசாங்க உதவிப் பணத்தில் மூன்று பெண் குழந்தைகளை வளர்த்தார். 1976 பிப்ரவரியில், 32 வயதில், இதயத்தில் ரத்தம் உறைந்து இறந்துபோனார்.

கிளம்பும்போது வழிகாட்டி, "கல்லறைக்குப் போறீங்களா? பாலார்ட்னு தேடாதீங்க. கல்லுல சாப்மன்னு கல்யாணப் பெயர்தான் இருக்கும்" என்றார்.

ராத்திரி டெட்ராய்ட் பீட்சா. கார் தொழிற்சாலைகளில் பாகங்கள் போட்டுவைத்த நீல இரும்புத் தட்டில் 1946 வாக்கில் சுடத் தொடங்கியதாம். சதுரமாக, ஓரமெல்லாம் சீஸ் கருகி மொறுமொறுவென்று இருக்கிறது. தக்காளிச் சாறு சீஸுக்கு மேலே. மூலைத் துண்டுதான் சிறப்பு.

அக்டோபர் 12, சனி

டிராய் நகரத்தில் இருக்கும் அக்கா மகன் காலையிலேயே காரோடு வந்துவிட்டான். இங்கே கார் நிறுவனம் ஒன்றில் இன்ஜினியர், அவனைப் போல நம் ஆட்கள் அந்தப் பக்கம் ஏராளம். "வெந்நீர் வரலைன்னா நேத்தே சொல்லியிருக்கலாமே சித்தி" என்று கடிந்துகொண்டு, முதல் வேலையாக ஈஸ்டர்ன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனான். 1891-லிருந்து இதே இடத்தில் நடக்கிற சந்தை. கொட்டகை கொட்டகையாகப் பூசணி, ஆப்பிள், தேன். ஆப்பிள் சாறு கொதிக்கிற வாசனை எங்கும். ஒரு சிறு கூடை ஆப்பிள் ஐந்து டாலர். சுடச்சுட டோனட் ஆறு எடுத்தால் ஐந்து டாலர். விற்கிற அம்மா எல்லோரையும் "பேபி" என்றுதான் கூப்பிடுகிறார், என்னையும். ஒரு தொட்டி மஞ்சள் சாமந்தி வாங்கினேன். யாருக்கு என்று அவர் கேட்டதற்குச் சொன்னேன். ஒரு டாலரைக் குறைத்துக்கொண்டார்.

சந்தையிலிருந்து நெடுஞ்சாலைக்கு மேலே போகும் பாலத்தைத் தாண்டினால் பிரூஸ்டர்-டக்ளஸ் குடியிருப்பு இருந்த இடம். இருந்த இடம் மட்டும்தான். 1935-ல் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வந்து தொடங்கி வைத்து, 1938-ல் கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் திறந்த அரசு வீடுகள். பின்னால் 14 மாடிக் கோபுரங்கள் ஆறு எழும்பின. சுப்ரீம்ஸ் பெண்கள் வளர்ந்தது இங்கேதான். டயானா குடும்பத்துக்கு இங்கே வீடு கிடைத்தபோது அவருக்கு 14 வயது. மேரி மிசிசிப்பியில் பிறந்தவர். தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு கார் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூட மேடையில் சந்தித்து, மாடிப்படிகளில் பாடிப் பழகிய இடம். கடைசிக் கோபுரங்களை 2014-ல் இடித்து முடித்தார்கள்.

நாங்கள் நின்ற பக்கத்தில் கம்பிவேலி, அதற்குள் புல், காற்றில் அலையும் பிளாஸ்டிக் பை. பக்கத்தில் கிரைஸ்லர் நெடுஞ்சாலையின் இரைச்சல். அந்தச் சாலையும் சும்மா வந்ததில்லை. கறுப்பர்களின் கடைகளும் பாட்டு அரங்குகளும் நிறைந்திருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவை அழித்துத்தான் போட்டார்கள். கொஞ்சம் தள்ளி, ஜோ லூயிஸ் குத்துச்சண்டை பழகிய பிரூஸ்டர் விளையாட்டுக் கூடம் செங்கல் சுவரோடு மூடிக் கிடக்கிறது.

அக்கா மகன் பொறுமையாகத்தான் சுற்றி வந்தான். "சித்தி, இங்க பாக்க என்ன இருக்கு?" என்றான். எங்கே எந்தக் கோபுரம் நின்றது என்று நான் கையில் வைத்திருந்த பழைய படத்தை வைத்துக் காட்டினேன். அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. நெடுஞ்சாலையை அடையாளமாக வைத்துக்கொண்டு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்ப இந்த மரம் இருக்குற இடம்தான்" என்றான். தினமும் ஆபீசுக்கு இந்த வழியாகத்தான் போகிறானாம்.

கிராண்ட் பூல்வார்டில் வீட்டைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் பாட்டு விற்பனையானது அந்த வீட்டில். பாடுகிறவர்கள் உருவானது இந்தப் புல்வெளியில். மூன்று பெயரையும் பொறித்து, ஃப்ளாரன்ஸ் பெயரை முதலில் போட்டு, நாங்கள் நின்ற வேலிப்பக்கம் ஒரு கல் நிற்க வேண்டும். இந்த நகரம் அதைச் செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன்.

மத்தியானம் அவன் வீட்டில் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். சாயங்காலத்துக்குள் தொலைக்காட்சியில் டைகர்ஸ் மறுபடி தோற்று, வெளியேறியும் விட்டார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

அக்கா மகனுக்கு ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் வகுப்பு எடுக்கிற வேலை. காலையில் என்னை நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். ஃப்ளாரன்ஸின் இறுதிச் சடங்கு நடந்த இடம். பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் அப்பா சி. எல். ஃபிராங்க்ளின்தான் அப்போது போதகர். வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெரியவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், நான் உள்ளே வரும்வரை அவர் கதவை விடுவதாக இல்லை.

பாட்டு தொடங்கியதும் பெஞ்சு அதிர்ந்தது. பக்கத்தில் எண்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஊதா நிறத் தொப்பியில் உட்கார்ந்திருந்தார். பிரசங்கத்தின் நடுவே என் கையைப் பிடித்து ஒரு புதினா மிட்டாயை வைத்து மூடினார். முடிந்ததும் நான் வந்த காரணத்தைச் சொன்னேன். 1976-ல் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றிருந்தாராம். "ஆயிரக்கணக்கான சனம். சிலர் நட்சத்திரங்களைப் பாக்க வந்தாங்க. நான் ஃப்ளோவுக்காக வந்தேன். அவ எங்கள்ல ஒருத்தி" என்றார். அப்புறம் என் ஸ்வெட்டரைப் பார்த்து, இது போதாது, கோட்டு வாங்கு என்று கண்டித்தார்.

சாயங்காலம் டெட்ராய்ட் மெமோரியல் பார்க் கல்லறைத் தோட்டத்துக்கு வாடகைக் கார். மற்ற கல்லறைகளில் கறுப்பர்களைச் சமமாக நடத்தாத காலத்தில், 1925-ல் கறுப்பின வியாபாரிகள் பங்கு போட்டுத் தொடங்கியது. வாரன் நகரத்தில் இருக்கிறது. ஆனால் அதே பெயரில் மேற்கே ரெட்ஃபோர்டில் இன்னொன்றும் உண்டு. கார் செயலி அதைக் காட்டியிருக்கிறது, ஓட்டுநரும் ரேடியோவில் இந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான லயன்ஸின் ஆட்டம் கேட்டுக்கொண்டே அங்கே போய் நிறுத்திவிட்டார். வாசல் பலகையைப் பார்த்ததும்தான் விஷயம் தெரிந்தது. அறுபது வயதுக்காரர், தலையில் நீல லயன்ஸ் தொப்பி. "ஒரு நிமிஷம் மேம்" என்று ஃபோனை எடுத்துப் பயணத்தை முடித்தார். "இனிமே இது என் கணக்கு" என்று சொல்லி, ஊரின் மறுகோடிக்கு, நாற்பது நிமிடம், திருப்பி ஓட்டினார். டல்லாஸ் மைதானத்தில் லயன்ஸ் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஸ்டியரிங்கை ஒரு தட்டு.

வாரனில் அலுவலகம் பூட்டியிருந்தது. கற்கள் எல்லாம் புல்லோடு புல்லாகப் படுத்திருப்பவை, அவற்றின்மேல் இலையுதிர்காலத்துச் சருகு. நானும் ஓட்டுநரும் ஆளுக்கொரு வரிசையாகத் தேடினோம். அம்மா கல்லறைக்கு வந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் பேசாமல் முன்னால் நடந்தார். ஓரிடத்தில் நின்று ஷூவின் ஓரத்தால் சருகை மெல்ல ஒதுக்கினார்.

ஃப்ளாரன்ஸ் கிளெண்டா சாப்மன். ஒரு ஓக் இலை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கடைசி எழுத்துகளை மறைத்திருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். எழுத்துப் பள்ளங்களில் மண், அதையும் விரலால் துடைத்தேன். சாமந்தியை வைத்தேன். அழுகை வந்தது. இவ்வளவு பேரை ஆட வைத்தவரை மூன்று பேர் சேர்ந்து சருகுக்குள் தேட வேண்டியிருக்கிறது என்ற கோபமும் சேர்ந்து வந்தது. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

திரும்பும்போது அவரே ரேடியோவை அணைத்தார். "எனக்கு டயானா தெரியும், மேரி தெரியும். இவங்க பாடி நான் கேட்டதே இல்லையே" என்றார். 1961-ல் வந்த 'பட்டர்ட் பாப்கார்ன்' பாட்டை ஃபோனில் போட்டேன். சுப்ரீம்ஸ் பெயரில் ஃப்ளாரன்ஸ் முன்னால் நின்று பாடியது. கரகரவென்று, குறும்பாக, கூச்சமே இல்லாத குரல். அவர் வாயைப் பிளந்து கேட்டார். "இந்தக் குரலையா பின்னால நிக்க வச்சாங்க?" என்று சத்தமாகச் சிரித்து, மறுபடி போடச் சொன்னார். விடுதி வரும்வரை அதுவேதான் ஓடியது, மூன்றாவது முறை கோரஸை அவரும் சேர்ந்து பாடினார்.

இறங்கும்போது இருபது டாலரை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தவர், பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிந்துகொண்டார். தன் அக்காவுக்கு அனுப்பப் போகிறாராம். பணத்தை இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.